காசிலிங்கம் மென்ற மல்லாட்டை

காசிலிங்கம் என்கிற மனிதரை எனக்கு முதல் சந்திப்பிலேயே பிடிக்கவில்லை. ஓட்டலுக்குச் சாப்பிட வரச் சொன்னால் வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு வந்த ஆள் அவர். ஒரு மனிதரைப் பிடிக்காமல் போக எனக்கு அது போதும்.

முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன். என் மகள் அருள்மொழி புதுச்சேரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அந்தக் கட்டடத்து மாடியில் சோலார் மாட்ட வந்தவன் சிலம்பரசன், கிளியனூர்க்காரன். மூன்று நாள் வேலைக்கு வந்த பையன், அடுத்த மூன்று மாதமும் ஏதோ ஒயரைச் சரிபார்க்க வேண்டும் என்று வந்துகொண்டே இருந்திருக்கிறான். விஷயம் எங்கள் காதுக்கு வந்தபோது நான் இரண்டு நாள் கத்தினேன். மூன்றாம் நாள் சம்மதித்தேன். எந்த விஷயமானாலும் என் கணக்கு அதுதான். என் மனைவி வைஜெயந்திக்கு இது தெரியும். அந்த இரண்டு நாளும் அவள் பாட்டுக்கு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிலம்பரசன் வீட்டில் மூன்றாம் நாள் வரவே இல்லை. அவன் அப்பாதான் இந்தக் காசிலிங்கம். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற விவசாயி. தங்கை மகளை மகனுக்கு எடுப்பதாக எப்போதோ பாதி வாக்கு கொடுத்து வைத்திருக்கிறார். அதோடு, மரக்காணத்தில் போய் உப்பளக்காரன் வீட்டில் பெண் எடுப்பதா என்கிற எண்ணம் வேறு. சாதி ஒன்றுதான், சாமி ஒன்றுதான். ஆனாலும் பயிர் வைக்கிறவருக்கு உப்பு வாருகிறவன் ஒரு படி கீழேதான் தெரிவான். என்னுடையது குத்தகை உப்பளம். அதில் புல் கூட முளைக்காது, உண்மைதான். முளைத்தால் நான் பிழைக்க முடியாது என்பதை அவருக்கு யார் சொல்வது.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிற காலம்தானே இது என்று நான் வாயை விட்டேன். அருள்மொழி முகம் சிவந்துவிட்டது.

"அவங்கப்பா மனசார சரின்னு சொல்லணும்பா. இல்லனா வேணாம். நல்லது கெட்டதுக்குக்கூட அந்த வீட்டுப் படி ஏற முடியாதுன்னா, நான் அங்க யாரா இருந்து என்ன பண்ணப் போறேன்" என்றாள்.

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழும்போது சத்தம் வெளியே வரக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு ரோஷம். சத்தம் வராததால்தான் அழுகிறாள் என்று எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசி முடியும் வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பெண் பார்க்க வந்தால் பார்ப்பார்கள், பேசுவார்கள், எழுந்து போய்விடுவார்கள். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சை மாற்றினால் ஊர் சிரிக்கும். காபி குடித்தால் பரவாயில்லை என்று இந்தக் காலத்தில் பலர் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். காசிலிங்கம் அந்தப் பலரில் ஒருவர் இல்லை. எங்கள் வீட்டுக்கு வரவே மாட்டேன் என்றுவிட்டார். அதனால் பிள்ளைகள் இரண்டும் கூடிப் பேசி, ஓட்டலில் சந்திக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். ஓட்டல் யார் வீடும் இல்லையே என்பது அவர்களுடைய புத்திசாலித்தனம்.

முதல் தடவை கீழ்புத்துப்பட்டுக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டு மேலேயே இருக்கிற ஒரு பிரியாணிக் கடை. ஏசி ஹால், குடும்பத்தோடு உட்கார சோபா எல்லாம் உண்டு. காசிலிங்கம் மடியில் தன் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "பொண்ணு வீட்டுக்காரங்க எதிர்ல உக்காந்து சாப்ட்டா, அது எந்த இடமா இருந்தா என்ன" என்று சொல்லிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நிலம் எவ்ளோ இருக்குது?" என்று கேட்டார்.

"மூணு ஏக்கர் கடல் இருக்குதுங்க" என்றேன்.

மேசைக்குக் கீழே வைஜெயந்தி என் காலை மிதித்த மிதியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து கிளியனூர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு உள்ளே நுழைந்தார். நேராக எங்களிடம் வந்து, "என்ன காசிலிங்கம், பொண்ணு பாக்கற விசேஷமா, சொல்லவே இல்ல" என்று கடைக்கே கேட்கிற மாதிரி விசாரித்தார். காசிலிங்கம் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். சொன்ன பிரியாணியைப் பார்சல் கட்டிக்கொண்டு வந்து நாங்கள் இரண்டு நாள் சாப்பிட்டோம். நல்ல பிரியாணி. ஆனால் அருள்மொழி தொடவில்லை.

இரண்டாவது தடவைக்கு அவரை எப்படிச் சம்மதிக்க வைத்தார்களோ தெரியாது. அவருடைய மனைவி திரௌபதி ஒரு வாரம் பேசாமல் இருந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். ஐப்பசிக் கடைசி ஞாயிறு. மழைக்கு அளத்தை மூடிவிட்டதால் நான் சும்மாதான் இருந்தேன். அதற்கு அடுத்த ஞாயிறு, காசிலிங்கத்தின் தங்கை வீட்டார் தட்டோடு வந்து பேசி முடிக்கப் போகிறார்கள். ஆக எங்களுக்கு இருந்தது அந்த ஒரே பகல்தான்.

இந்தத் தடவை இடம், இடையஞ்சாவடி பக்கத்தில் ஒரு தாய்லாந்து சாப்பாட்டுக் கடை. சொந்தக்காரன் எவனும் கனவிலும் வராத இடம் என்பதுதான் அதைத் தேர்ந்தெடுத்த காரணம். காரில் போகும்போதே வைஜெயந்தி எனக்கு உத்தரவு போட்டுவிட்டாள்.

"இன்னைக்கு நீங்க வாயே தொறக்கக் கூடாது. தண்ணி வேணும்னா கேளுங்க. அவ்ளோதான்."

"சாப்பிடறதுக்காவது தொறக்கலாமா?"

"அப்பா" என்றாள் அருள்மொழி, பின் சீட்டில் இருந்து. அந்தக் குரலைக் கேட்டதும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

கடை ஒரு முந்திரித் தோப்புக்குள் இருந்தது. கீற்றுக் கூரை, மர பெஞ்சு, ஒரு மூலையில் இரண்டு வெள்ளைக்காரர்கள். காசிலிங்கமும் திரௌபதியும் சிலம்பரசனும் எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். பாட்டில் மடியில் இருந்தது. திரௌபதி அருள்மொழியைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தால், பெண்ணை அப்படியே இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார் போல இருந்தது. காசிலிங்கம் என் மகளைப் பார்க்கவே இல்லை. மெனு அட்டையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வெள்ளைக்காரரின் செருப்பைப் பார்த்தார்.

பரிமாற வந்த பெண்மணிக்கு நாற்பது வயது இருக்கும். பேர் சகாயசெல்வி என்று சட்டையில் குத்தியிருந்தாள். சிலம்பரசன்தான் அட்டையைப் பார்த்துச் சொன்னான். எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதைக் கண்டு சகாயசெல்வியே விளக்கம் சொன்னாள்.

"இது சூப்புங்க, புளிப்பா காரமா இருக்கும். இது பச்சைக் கொழம்பு, தேங்காப்பால் ஊத்தி, கோழி போட்டது. இது நூடுல்ஸ். இது பப்பாளிக்காயை சீவி, இடிச்சி, எலுமிச்சம்பழம் புழிஞ்சி, மேல மல்லாட்டை போட்டுத் தருவோம்."

வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்களில் மல்லாட்டை என்றுதான் பேர். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் காசிலிங்கம் ஒரு விநாடி நிமிர்ந்தார். பிறகு, "நீங்கல்லாம் சாப்புடுங்க. நான் வீட்லயே சாப்ட்டு வந்துட்டேன்" என்றார்.

மணி பன்னிரண்டரைதான் ஆகியிருந்தது. எந்த விவசாயி பன்னிரண்டு மணிக்குள் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு வெளியே கிளம்புகிறார் என்று கேட்க நினைத்தேன். வைஜெயந்தியின் கால் ஏற்கெனவே என் கால்மேல் தயாராக இருந்தது.

சாப்பாடு வந்தது. ஆளுக்கொரு தட்டு வைத்துவிட்டு, எல்லாவற்றையும் நடுவில் வைத்தாள் சகாயசெல்வி. எல்லோரும் எல்லாவற்றிலும் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். கலியாண வீட்டில் தாம்பாளம் வைக்கிற மாதிரி மேசை நிறைந்துவிட்டது. ஆனால் காசிலிங்கம் சாப்பிடாமல் திரௌபதி சாப்பிட மாட்டார். அவர்கள் இருவரும் சாப்பிடாமல் நாங்கள் எப்படிச் சாப்பிடுவது. ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு ஆவி பறக்கிற சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சோறு நல்ல வாசனையாக இருந்தது. எனக்குப் பசி காதை அடைத்தது.

திரௌபதிதான் பேச்சை ஆரம்பித்தார். சூப்புக்கிண்ணத்தை முகர்ந்து பார்த்து, "சித்தரத்தை வாசனை அடிக்குது. நம்ம ஊர்ல இருமலுக்கு அரைச்சிக் குடுக்கறது" என்றார்.

"அதேதாங்க" என்றாள் அருள்மொழி. "அதோட எலுமிச்சைப் புல்லும் போடுவாங்க. உப்புக்கு பதிலா மீன் தண்ணி ஊத்துவாங்க."

"உப்புக்கு பதிலாவா?" என்றேன் நான். எத்தனை உத்தரவு போட்டாலும் சில இடங்களில் அடக்க முடியாது.

"அந்த மீனையும் உப்புலதாம்பா ஊறப் போடறாங்க."

"அப்ப சரி" என்றேன். சிலம்பரசன் சிரித்தான். காசிலிங்கம் சிரிக்கவில்லை.

அப்போது வைஜெயந்தி ஒரு காரியம் செய்தாள். பப்பாளிக்காய்த் தட்டு அருள்மொழிக்கு நேராக இருந்தது. கலியாணப் பேச்சு பேசுகிற இடத்தில், வாழப் போகிற பெண்ணுக்கு எதிரில் பப்பாளிக்காயா என்று அவளுக்குத் திக்கென்றிருக்கிறது. கரு தங்காது என்று எங்கள் பக்கத்தில் பெண்கள் அதைக் கண்ணாலும் பார்க்க மாட்டார்கள். வாயால் எதுவும் சொல்லாமல், அந்தத் தட்டை மெல்ல நகர்த்தி, நகர்த்தி, மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டாள். தட்டு போய் காசிலிங்கத்தின் முன்னால் நின்றது. மேலே வறுத்த மல்லாட்டை பத்துப் பதினைந்து, முழுசாக, பளபளவென்று.

அவர் அதைப் பார்த்தார். வேறு பக்கம் திரும்பினார். மறுபடி பார்த்தார். அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்ததால் நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை தாமதமாகி, இந்த வருஷம் மல்லாட்டை பிடுங்கிய கதையைத் திரௌபதி என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே காசிலிங்கத்தின் கை தானாக நீண்டது. இரண்டு பருப்பை எடுத்தார். ஒன்றை நகத்தால் பிளந்து உள்ளே பார்த்தார். இரண்டையும் வாயில் போட்டு, கண்ணைப் பாதி மூடி, முன்பல்லால் மெதுவாக மென்றார்.

"பழசு" என்றார். "சிக்கு வாடை வந்துட்டுது. போன வருஷத்து சரக்கு. நம்ம காட்டுல புடுங்கனதைப் போட்டிருந்தா இந்நேரம் மணந்துருக்கும்."

சந்தேகத்துக்கு இன்னும் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

 திரௌபதி தாலியைத் தொட்டுக்கொண்டார். சிலம்பரசனின் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. முதலில் வாயைத் திறந்தது வைஜெயந்தி.

"கை நனைச்சிட்டீங்க. ரொம்ப சந்தோஷங்க" என்றாள். 

"அப்பா, நாலு சாப்ட்டீங்க. நான் எண்ணினேன். இனிமே மாத்திப் பேசக் கூடாது" என்றான் சிலம்பரசன்.

காசிலிங்கம் மெல்வதை நிறுத்திவிட்டார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. காது வரை சிவந்துவிட்டது. அவர் யாரையும் மறுத்துப் பேசவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. தான் பிடித்த வழக்கத்தில் தானே மாட்டிக்கொண்ட மனிதர், அதை மீற மனசில்லாமல் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். இத்தனை நாள் நான் திட்டிய ஆளா இது என்று இருந்தது.

அருள்மொழியைப் பார்த்தேன்.  அவ்வளவு ஆசை அந்த முகத்தில். நான் சும்மா இருந்தால் போதும், எல்லாம் முடிந்தது. ஆனால் எனக்கு வேறொன்று தெரிந்தது. நாலு மல்லாட்டையை வைத்து ஆளைப் பிடித்தார்கள் என்று ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அந்த வீட்டில் யாராவது அவளிடம் சொல்லிக்காட்டுவார்கள். மனசார என்று அவள் கேட்டது இதையா.

"அது சாப்பிட்டதா ஆகாதுங்க" என்றேன்.

வைஜெயந்தியின் கால் என் கால்மேல் ஏறியது. நான் நகர்த்தவில்லை.

"அவர் சரக்கு பாத்தாரு. அவ்ளோதான். எங்க அளத்துல வியாபாரி வந்தா, குமிச்சி வெச்சிருக்கற உப்புல ஒரு கல்லை எடுத்து நாக்குல வெச்சிப் பாப்பான். அதுக்காக மொத்தத்தையும் நீ வாங்கியாவணும்னு நான் அவன் சட்டையைப் புடிக்க முடியுமா? அவர் தொழில் மல்லாட்டை. கை தானா போயிட்டுது. இதைச் சொல்லி அவரை மடக்கறது ஞாயம் இல்ல."

 சிலம்பரசன் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அருள்மொழி கண்ணை மேசைமேல் வைத்திருந்தாள். அவளிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சத்தம் வராததற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.  அடப்பாவி, உன் வாயை நீ இன்றைக்காவது மூடியிருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

காசிலிங்கம் வாயில் இருந்ததை விழுங்கினார். பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அன்றைக்கு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"நாக்குல வெச்சா என்ன தெரியும்?" என்று கேட்டார்.

"நல்ல உப்பு கரிச்சிட்டு வுட்டுடும். பாத்தியில தண்ணியை ரொம்ப நாள் முறுக வுட்டுட்டா, கடைசியில ஒரு கசப்பு தட்டும். பாக்க ரெண்டும் வெள்ளையாத்தான் இருக்கும்."

"பாத்துட்டு வேணாம்னு போனவங்க உண்டா?"

"ஏன் இல்ல. எத்தனையோ பேர் போயிருக்கான். நாள் பூரா அவனைத் திட்டிக்கினு இருப்பேன். ஆனா கையைப் புடிச்சி இழுத்ததில்லைங்க."

"திட்டறது உண்டு."

"அது நெறைய உண்டு" என்றேன். "உங்களையும் திட்டியிருக்கேன்."

வைஜெயந்தி கண்ணை மூடிக்கொண்டாள். காசிலிங்கம் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். அது கோபமா வேறெதுவுமா என்று தெரியவில்லை. பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். பெஞ்சைத் தாண்டி வெளியே நடந்தார். திரௌபதி, "ஏங்க" என்று ஒரு தடவை கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை. சிலம்பரசன் பின்னாலேயே போக எழுந்தான். அவன் அம்மா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார். போனவர் காருக்குத்தான் போகிறார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

வாசலில் சகாயசெல்வி தட்டுகளோடு வந்துகொண்டிருந்தாள். அவளிடம் அவர் கேட்டது எங்கள் காதில் விழுந்தது.

"ஏம்மா, கை கழுவற எடம் எங்க இருக்குது?"

"ஸ்பூன் வெச்சிருக்கேனுங்களே" என்றாள் அவள்.

"இருக்கட்டும். எனக்குக் கையிலதான் எறங்கும்."

அவர் கழுவிவிட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனதோ, அது வரை நாங்கள் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் கலைந்துவிடும் என்று எனக்குப் பயம். ஈரக் கையை உதறிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஸ்பூனை எடுத்து ஓரமாக வைத்தார். திரௌபதி பக்கம் திரும்பி, "தங்கச்சிகிட்ட நான் பேசிக்கறேன். அவ ரெண்டு நாள் அழுவா. நான்தான் போய் ஒக்காந்து கேட்டுக்கணும்" என்றார்.

திரௌபதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் கண்ணில் எரிச்சல். மிளகாய் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால், நான் இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. வைஜெயந்தி தன் காலை என் கால்மேல் இருந்து எடுத்துவிட்டு, மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தேழு வருஷத்தில் வெளியிடத்தில் அவள் அப்படிச் செய்தது கிடையாது.

காசிலிங்கம் தன் தட்டைத் தூக்கி, மேசைக்குக் குறுக்கே என் மகள் பக்கமாக நீட்டினார். முதல் தடவையாக அவளைப் பார்த்தார்.

"ஏம்மா அருள்மொழி. சோறு போடும்மா. பசிக்குது."

அவள் எழுந்து நின்றாள். கரண்டியை எடுத்து அவசரமாக அள்ளிப் போட்டதில், சோற்றில் பாதி தட்டில் விழுந்தது, பாதி மேசையில் சிந்தியது. பதறிப்போய்த் துடைக்கத் துணியைத் தேடினாள்.

"வுடும்மா, வுடு" என்றார் காசிலிங்கம். சிந்திய சோற்றை விரலால் கூட்டி, ஒரு பருக்கை விடாமல் எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.